கெத்சியாள் பிறந்த வருஷத்து ஒயின்

"இளசுல இருந்து ஆரம்பிப்போம் மாமா. பழசை மொதல்ல குடிச்சா அப்புறம் வேற எதுவும் நாக்குல ஏறாது" என்றான் ஷிபின்.

ஹெப்ரான் மேசைமேல் வெவ்வேறு வருஷத்து ஒயின் பாட்டில்கள் மூன்றை வைத்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு காலத்தில் இருமல் டானிக் வந்த பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். அவற்றைக் கழுவிக் கொதிக்கவைத்து, ஒயின் ஊற்றி, தக்கை அடைத்து, மேலே மெழுகு விட்டிருந்தார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவருக்கு இதுதான் பித்து. பாளையங்கோட்டையில் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவார்கள், புதுவருஷத்துக்குள் காலியாகிவிடும். ஹெப்ரான் போடுவது வேறு. பன்னீர்த் திராட்சையை மொட்டை மாடி வெயிலில் சுருங்கக் காயப்போட்டு, அதன் பிறகுதான் பீங்கான் பரணியில் ஊறப்போடுவார். தேன்போலக் கெட்டியாக வரும். கொஞ்சமாகத்தான் வரும். அதைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் வைத்துவிடுவார். மகள் கெத்சியாள் பிறந்த வருஷம் போட்டதில் ஒரு பாட்டிலைக்கூட அவர் திறந்ததில்லை. அது அவள் கல்யாணத்துக்கு.

கல்யாணம் அடுத்த வாரம். கேக் வெட்டியதும் எல்லோருக்கும் அந்த ஒயினைத்தான் கொடுக்க வேண்டும், போதாவிட்டால் பிந்தின வருஷங்களில் போட்டதையும் வைக்கலாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். இத்தனை வருஷம் கிடந்தது நன்றாக இருக்குமா, சம்பந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வேண்டுமா, பேசாமல் ஜூஸ் வாங்கிவிடலாம் என்றாள் மனைவி வயலட். இழுபறி ஓயவில்லை. கடைசியில், தன் அண்ணன் மகன் ஷிபின் சொல்வதுதான் தீர்ப்பு என்று அவளே முடிவு கட்டினாள்.

ஷிபின் உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறியவன். வெள்ளைக்காரர்களே அவனிடம் கேட்டுத்தான் பாட்டிலைத் திறப்பார்கள் என்பது குடும்பத்துக்குப் பெருமை. அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம், கடல் அலுத்துவிட்டது என்று சொல்லியிருந்தான். வயலட் கூப்பிட்டபோதும் கடையில் ஆளில்லை, தலைவலி என்று தட்டிக் கழித்துப் பார்த்தான். அவள் கடைக்கே போய்க் கூட்டி வந்துவிட்டாள்.

முதல் பாட்டிலைத் திறந்து ஹெப்ரான் சின்னக் கிளாஸில் ஊற்றினார். ஷிபின் அதை வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான். பிறகு ஒரு வாய் வாங்கி நாக்கில் உருட்டினான்.

"இனிப்பும் புளிப்பும் சரியா நிக்குது மாமா. நல்ல கெட்டி. தாராளமா வைக்கலாம்."

ஹெப்ரானுக்கு மூச்சு வந்தது. ஊற்றும்போது லேசாக நனைந்த சாக்கு வாடை அடித்தது போல அவருக்குத் தோன்றியிருந்தது. எத்தனையோ ஒயினைப் பார்த்தவனே நன்றாக இருக்கிறது என்கிறான், நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவதற்கும் ஏறக்குறைய அதையே சொன்னான். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றாவது, கெத்சியாள் பிறந்த வருஷத்துப் பாட்டில். அதன் மெழுகைச் சுரண்ட ஹெப்ரானுக்குக் கை வரவில்லை. வயலட்தான் வாங்கிக் கத்தி முனையால் பைய எடுத்தாள். முதல் இரண்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. இது கருப்பட்டிப் பாகு நிறத்தில், அவசரமே இல்லாமல் கிளாஸுக்குள் இறங்கியது.

ஷிபின் பழக்கப்படி அதை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே நின்றுவிட்டான். குடிக்கவில்லை. கிளாஸை விலக்கினான்; மறுபடி கொண்டுபோனான்.

"கெட்டுப்போச்சோ?" என்றார் ஹெப்ரான்.

"கொஞ்சம் பேசாம இருங்க மாமா."

தூரத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பவன் போல அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"அத்திப்பழம். காஞ்ச அத்திப்பழம். ஆரஞ்சுத் தோலு. அப்புறம் கருப்பட்டி காய்ச்சுத எடத்துல ஒரு வாசம் வருமே, அது. கடைசில கிராம்பு. கிராம்பு போட்டீங்களா மாமா?"

ஹெப்ரான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்த வருஷம் மட்டும், பரணிக்கு ஒன்றே ஒன்று போட்டிருந்தார். வயலட்டுக்குக்கூடத் தெரியாது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகுதான் ஷிபின் குடித்தான். கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கியது. அதை அவன் துடைக்கவில்லை. மெழுகும் தக்கையும் போட்டு இருட்டில் வைத்ததைத் தவிரத் தான் எதுவும் செய்யவில்லையே, பாட்டிலுக்குள் இத்தனை வருஷமாக யார் இதைச் செய்தது என்று ஹெப்ரான் கிளாஸில் மிஞ்சியிருந்த கரிய சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூஸ் வாங்கலாம் என்றவள், கும்பிடுவது போலக் கையைச் சேர்த்து வைத்தபடி நின்றாள்.

ஷிபின் முதல் கிளாஸில் மீதி இருந்ததை எடுத்து மோந்து பார்த்தான். முகம் சுளித்தான்.

"மாமா, இதைக் கல்யாணத்துக்கு வைக்காதீங்க. தக்கையில பூஞ்சை புடிச்சிருக்கு. நனைஞ்ச சாக்கு வாடை."

"ஏலே, இப்பந்தான நல்லா இருக்குன்னு சொன்ன?" என்றாள் வயலட்.

"அப்ப எனக்கு வாசனையே தெரியாதே அத்தை" என்றான் ஷிபின். "கப்பல்ல கொரோனா வந்து படுத்தப்பப் போனது. அதாலதான் வேலைய விட்டேன், யாருட்டயும் சொல்லல. இத்தனை வருஷம் கழிச்சு, இப்ப இந்தக் கிளாஸுலதான் திரும்பி வந்திருக்கு."