தாமதமாக விழும் கைதட்டல்

சாவு வீட்டுக் கானாவுக்குத் தாளம் போட்டுத் தொடங்கிய மெர்லின், இன்று ஊரறிந்த ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர். கைதட்டல் ஒலியை ஒரு கணம் தாமதமாக விழவைப்பதுதான் அவளுடைய முத்திரை. கரைக்கு வந்த அலை திரும்பிப்போக மறந்து நிற்பதுபோல் இருக்கும்.

ஆனால் இப்போதெல்லாம் பாடல்கள், காதில் மாட்டும் கருவி வழியே, கேட்பவரின் இதயத்துடிப்புக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொண்டுதான் காதுக்குள் நுழைகின்றன. ஊரே அவள் பீட்டுக்குத் தலையாட்டியது. ஆனால் சீராகத் துடிக்கும் இதயங்களுக்கு அந்தத் தாமதமும் நேராகிவிடும்; அதை யாரும் கேட்டதில்லை, அவள் கணவன் ஜெரால்டைத் தவிர. அவனுடைய இதயம் அடிக்கடி ஒரு கணம் பிந்தித் துடிக்கும். அதனால் அவன் காதில் பாடல் அவள் அமைத்தபடியே ஒலித்தது. அதைச் சொல்லித்தான் காசிமேட்டில் அவளிடம் முதன்முதலாகப் பேச்சுக் கொடுத்தான்.

அந்த இதயத்தைச் சீராக்கத் திங்கட்கிழமை ஆபரேஷன்.

"பண்ணிக்கவா, வேணாமா?"

"இன்னா கேள்வி இது? நீ இருந்தா போதும்யா. பீட்டு கெடக்குது."

"அப்புறம் நானும் ஊர்ல ஒருத்தன் ஆயிடுவேன்டி."

"ஆயிட்டுப் போ."

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அவளுடைய பாடலைக் கேட்டான். அது கடிகாரம்போல் பிசகாமல் ஓடியது.

"எப்டியா கீது?"

அவன் காதுக்கருவியைக் கழற்றி வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முதுகில் மெதுவாகத் தாளம் போட்டான். கைதட்டல் வரவேண்டிய இடத்தில் அவன் விரல்கள் காற்றிலேயே நின்றன. ஒரு கணம் கழித்து, மெல்ல விழுந்தன.