சர்வர் கோளாறு

“சத்தியமா மெயில் வரலைம்மா” என்று என் மேசை முன்னால் அடம்பிடித்து நின்ற கொள்முதல் அதிகாரிக்கு, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

காலை 10.14க்கு வந்திருந்தது. 10.20க்கு அவர் திறந்தும் பார்த்திருந்தார்.

இந்த அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வரவில்லை என்று வந்து நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர், படித்துவிட்டுப் பதில் எழுத முடியாமல் முழிப்பவர்கள். என் சர்வர்மேல் ஒருநாளும் பழி விழ விட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘போலீஸ்’ என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் போன் அடித்தது.

அண்ணன். மூன்று வருடம் கழித்து.

அப்பா இறந்த அன்று, கடைசியாக வந்து சேர்ந்தவனை, “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுத் தொலைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

வரும் ஞாயிறு என் மகளுக்குக் கல்யாணம். நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. பத்து நாள் முன்பு மெயில் எழுதினேன்.

அனுப்பிவிட்டு, சர்வர் எழுதிவைக்கும் பதிவை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணனின் கம்பெனி சர்வர் எங்கே இருக்கிறது என்று எங்கள் சர்வர் விசாரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியது. முன்பின் தெரியாத இடத்து மெயில் என்பதால், ‘அப்புறம் வா’ என்று அது திருப்பி அனுப்பிவிட்டது. கால் மணி நேரம் கழித்து இது மறுபடியும் போய்த் தட்டியது.

இந்த முறை ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் வந்தது. 

மற்றவர்கள் என்றால், வழியில் எங்கேயோ தொலைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தே பத்து நாளாகக் காத்திருந்தேன். “மாமா பதில் போட்டாராம்மா?” என்று தினமும் மகள் வேறு உயிரை வாங்கினாள்.

போனை எடுத்தேன்.

“நீ ஏதோ மெயில் போட்டதா உன் பொண்ணு போன் பண்ணிச் சொன்னா. எனக்கு ஒண்ணும் வரலையே” என்றான்.

எனக்குத் தெரியாமல் கூப்பிட்டிருக்கிறாள், கழுதை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. திரையைத் திருப்பிக் காட்டத்தான் வழியில்லை.

அண்ணன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்றும் தோன்றியது.

“ஆமாண்ணா, எங்க சர்வர்ல கோளாறு” என்றேன். “இப்ப திரும்ப அனுப்பட்டுமா?”

கொள்முதல் அதிகாரி வாயைப் பிளந்தார்.

 

“வேணாம்மா” என்றான் அண்ணன். “ஒரு தடவ படிச்சதுக்கே பத்து நாளா தூக்கமில்ல. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், அத மட்டும் சொல்லு.”