தேறியிருந்த ஆள்

"மறுபடியும் முதுகுல ஊசியா? படிக்கிற பிள்ளைங்க குத்திப் பழக எங்க ஆளோட முதுகுதான் கெடச்சுதா?"

துரைராசு போட்ட சத்தத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் கண் திறக்க முடியாமல் கிடந்த கண்ணுசாமி, அவருடைய வயலில் வேலை பார்ப்பவர். தலைமாட்டில் மனைவி ராமாயி உட்கார்ந்திருந்தாள்.

"மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வுல காளான் கிருமி பிடிச்சிருக்குங்க. உள்ள நீர் கட்டி அழுத்துது. அதை முதுகு வழியா ஊசியால வடிச்சாத்தான் தலைவலி குறையும், பார்வையும் போகாம இருக்கும்" என்றார் டாக்டர் வானதி.

"தண்ணி வடிக்க இதென்ன வயலா? காளான் வைக்கப்போர்ல பிடிக்கும். மனுசன் மூளையில பிடிக்குமா? ஏழைக்குக் கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா? நான் இருக்கேன்!"

"நல்லா கேளுங்க சார்" என்றார் எதிர்க் கட்டில்காரர்.

துரைராசுவின் குரல் இன்னும் ஏறியது.

"தை அறுவடை வரைக்கும் கன்னமெல்லாம் உப்பி, எப்படித் தேறியிருந்தான் தெரியுமா?"

"அது தேறினது இல்லைங்க. ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்கா சாப்பிட்டா முகம் அப்படி ஊதும். வலி தெரியாது. ஆனா உடம்புல எதிர்ப்புச் சக்தி போயிடும். மண்ணுல, காத்துல கெடக்கிற காளான்கூட மூளை வரைக்கும் ஏறிடும். யாரோ இவருக்கு அதைக் குடுத்திருக்காங்க. இந்தம்மாவைக் கேட்டா தெரியலைங்கிறாங்க."

"எந்தப் படுபாவி குடுத்தான்? அவன் கையை ஒடிக்கணும்!" என்றவர் ராமாயியிடம் திரும்பினார். "இங்க இருந்தா இவனைக் கொன்னுடுவாங்க. கீழ கார் நிக்குது. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டு வா."

"டிரிப்ஸ்ல மருந்து ஏறிட்டிருக்கு. அப்புறம் மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். இப்ப பாதியில நிறுத்தினா உயிர் தங்காது" என்றார் டாக்டர்.

ராமாயி எழுந்தாள்.

"ஊசி போடுங்க டாக்டரம்மா."

"ஏய்! உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"குறுவை நடவப்பவும் இப்படித்தாங்க சொன்னீங்க" என்றாள் ராமாயி, குரலை உயர்த்தாமல். "மூட்டு வலி தாங்கல, லீவு வேணும்னு அவரு நின்னப்ப, 'உன் நல்லதுக்குத்தான்'னு தெனமும் டீயோட ஒரு வெள்ளை மாத்திரை நீங்கதாங்க ஐயா குடுத்தீங்க."