ஒரு வயர் கூடக் கூடாது

“முன் மேடையில ஒரு வயர் கூட இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்!”

கிடாரிஸ்ட் சுருட்டை இப்படி ஆரம்பித்ததும் டிரம்மருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“இத்தனை வருஷமா வயர் போட்டுத்தானேடா வாசிச்சே? இப்ப என்ன திடீர்னு?”

“இப்பத்தான் வயர்லெஸ் வாங்கிட்டேன்ல!”

சுருட்டை பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் கிடாரில் சொருகினான். அதன் ஜோடியை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய், அங்கிருந்தே தந்தியை ஓர் இழுப்பு இழுத்தான்.

ஒத்திகை அறைக்குள் ஸ்பீக்கர் உறுமியது.

“பார்த்தியா! ஆள் வெளியே, சத்தம் உள்ளே!”

பாடகி அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அந்தக் குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

“பாட்டு நடுவுல பேட்டரி போச்சுன்னா? வாயால வாசிப்பியா?” என்றான் டிரம்மர்.

அவன் வாய்முகூர்த்தமோ என்னவோ, அடுத்த பாட்டிலேயே கிடார் பொசுக்கென்று ஊமையானது. சுருட்டை சார்ஜ் போட மறந்திருந்தான்.

டிரம்மர் விழுந்து விழுந்து சிரித்தான். “வயர்னா சொருகினோமா, வாசிச்சோமான்னு போயிட்டே இருக்கலாம். இது தேவையாடா உனக்கு?”

“சார்ஜ் ஏத்திக்கலாம். வயர் மட்டும் வேண்டாம்.”

“ஏன், சார் மேடையில குதிக்கப் போறீங்களோ?”

“ஆமா, குதிப்பேன், ஓடுவேன்! உனக்கென்ன?”

டிரம்மர் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டான். சண்டை போடுகிற நேரமா இது? கொஞ்ச நாளாகவே குழுவுக்கு வாய்ப்பு குறைந்துவிட்டது. அக்காவின் குரல் என்னவோ அப்படியேதான் இருந்தது. ஆனால் முன்பெல்லாம் மேடையைக் கலக்கியவள், இப்போது மைக் ஸ்டாண்டைப் பஸ் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே பாடினாள். ‘அக்காகிட்ட பழைய துள்ளல் இல்லை’ என்று காதுபடவே பேசினார்கள். அடுத்து வரும் மைதானக் கச்சேரியும் சொதப்பினால், ஆளுக்கு ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

கச்சேரி நாளன்று சுருட்டையின் அலட்டல் இன்னும் கூடியது. மேடை நடுவில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னான். தரையில் கிடந்த வயரையெல்லாம் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோக வைத்தான். சவுண்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“விடுங்கண்ணே, ஐயா ஓடறதுக்கு ரன்வே போடறார்” என்றான் டிரம்மர்.

அதோடு விட்டானா சுருட்டை? லைட்காரரிடம் போய், “அண்ணே, மத்த லைட்டை என்ன வேணா பண்ணுங்க. என் மேல ஒண்ணு எரிஞ்சுட்டே இருக்கணும். அணைக்கவே கூடாது” என்றான்.

டிரம்மர் பல்லைக் கடித்தான். அக்கா பாடுகிற கச்சேரியில் இவனுக்கு எதற்கு நிரந்தர லைட்?

இருட்டியது. மைதானம் நிரம்பி வழிந்தது. டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணிக் கொடுத்தான். கிடார் இடி மாதிரி இறங்கியது.

அடுத்த நொடி, டிரம்மரால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

அக்கா வயர்லெஸ் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடினாள்! டிரம்ஸ் பக்கத்திலிருந்து மேடையின் முன் ஓரம் வரை பாய்ந்தாள். சுருட்டையின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்படியே திரும்பி ஓடி வந்தாள். சுழன்றாள். குதித்தாள். ஜனம் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தது. டிரம்மருக்குப் புல்லரித்தது. கை தானாக வேகமெடுத்தது. எத்தனை நாளாயிற்று இந்த அக்காவைப் பார்த்து!

சுருட்டை மட்டும் மேடையின் முன் ஓரத்தில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றான். பாட்டுக்குப் பாட்டு அதே இடம். தலை ஆடியது, விரல் பறந்தது. கால் மட்டும் அசையவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும், கச்சேரி ஏற்பாட்டாளர் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இந்த வருஷம் நம்ம கச்சேரி எல்லாமே உங்களுக்குத்தான்மா!”

வெளியே ‘ஒன்ஸ் மோர்’ சத்தம் அடங்கவில்லை. சுருட்டை பேட்டரி மாற்ற ஓடினான். ஏற்பாட்டாளர் நகர்ந்ததும் டிரம்மர் அக்காவிடம் பொரிந்து தள்ளினான்.

“நீ பின்னிட்டேக்கா! ஆனா அவனைப் பார்த்தியா? வயர்லெஸ், ரன்வே, ஸ்பெஷல் லைட்டுன்னு எங்க உயிரை வாங்கிட்டு, ஓர் அடி நகரலை. வெறும் பந்தா!”

“உன்கிட்டயும் சொல்லலையா அவன்?” அக்கா சிரித்துக்கொண்டே காற்றில் கையைத் துழாவி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா?”

“இருட்டினா எனக்குக் கண்ணு தெரியறதில்லைடா. வெளியே சொன்னா யார் மேடை தருவாங்கன்னு மறைச்சேன். ஒருநாள் ஒத்திகையில அவன் வயர் தடுக்கி நான் விழப் போனப்ப, செருப்பு மேல பழியைப் போட்டேன். நீங்கெல்லாம் நம்பிட்டீங்க, அவன் நம்பலை.”

டிரம்மர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“லைட்டு விழுற ஆள் மட்டும் நிழலாட்டம் தெரியும். மேடை எங்க முடியுதுன்னு தெரியாது. பின்பக்கம் உன் டிரம்ஸ் சத்தத்தை வச்சுத் திரும்பிடுவேன். முன்பக்கத்துக்குத்தான் அவன் நின்னான். ஓர் அடி நகர்ந்திருந்தா, நான் ஜனங்க மேல போய் விழுந்திருப்பேன்டா!”