லீவரை ஆட்ட ஒரு ஆள்

மண் அள்ளும் லோடரை டிராக்டரிலிருந்து கழற்ற வந்த மெக்கானிக், எண்ணெய்க் குழாயை மாட்டியிருக்கும் கப்ளரோடு அரை மணி நேரமாக மல்லுக்கட்டினான். அது அசைந்து கொடுக்கவில்லை. சுத்தியலை ஓங்கினான்.

"ஐயோ, அடிக்காதீங்க தம்பி!" வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள் டிராக்டரின் சொந்தக்காரி.

"சனியன், உடும்புப் பிடியா பிடிச்சிருக்குக்கா!"

அவள் விறுவிறுவென்று டிராக்டரில் ஏறினாள். என்ஜினைப் போடவில்லை. லோடரை ஏற்றி இறக்கும் லீவரை மட்டும் முன்னும் பின்னும் நாலு முறை ஆட்டினாள்.

"உள்ளே அடைபட்டிருந்த பிரஷர் இறங்கிடுச்சு. இப்ப இழுங்க."

கப்ளர் பூப்போலக் கையோடு வந்தது.

மெக்கானிக் வாயைப் பிளந்தான். "எங்கேக்கா கத்துக்கிட்டீங்க?"

"பதினெட்டு வருஷமா இது என் வேலைதான். அவரு கீழே நின்னு கூப்பிடுவாரு. நான் ஏறி ஆட்டின பிறகுதான் குழாயில கை வைப்பாரு."

அவன் தயங்கினான். "அப்ப போன மாசம் மட்டும் எப்படிக்கா? இதே எண்ணெய் பீய்ச்சியடிச்சு, கையைத் துளைச்சு, விஷமேறித்தானே அண்ணன் செத்துப் போனாரு?"

லீவரைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை தம்பி. மூணு தடவை கூப்பிட்டாரு. காது கேக்காத மாதிரி அடுப்படியிலேயே உக்காந்திருந்தேன். நாலாவது தடவை கூப்பிடலை. சுத்தியல் சத்தம்தான் கேட்டுச்சு."