கயிறு கட்டின பால் டின்னு

பூங்காவனம் அன்னிக்கும் கெளம்பிட்டா. கையில கயிறு கோத்த பால் டின்னு.

காஜா பெராங்ல எங்க பக்கத்து ரூம்புலதான் தனியா இருந்தா. மெர்டேக்கா, அதான் சொதந்திரம், கெடச்சு ரெண்டு வருஷம் இருக்கும். தெங்கேரா பக்கம் கடலத் தூத்துக்கிட்டிருந்தாங்க. ஆயர் குரோ பக்கத்துக் குன்ன வெட்டி, லாரி லாரியா செம்மண்ணக் கொண்டாந்து கொட்டுனாங்க. கடைவீதி வரப்போகுதாம், படக்கொட்டகை வரப்போகுதாம். எங்க வீட்டுக்காரரு அங்க ஒரு வெத்தலபாக்குக் கடை போடுறேன்னு ஆறு மாசம் அதே பேச்சு. கடைசி வரைக்கும் போடல, அது வேற கதை.

வெள்ளிக்கெழம மூணு மணி ஆனா இவ அந்த மண்ணு மேட்டுக்குப் போயிருவா. அங்க ஜெயபாலன்னு ஒரு லாரிக்காரன், கல்யாணம் ஆகாதவன். ரெண்டு பேரும் லாரிக்குப் பின்னால மறைஞ்சுருவாங்களாம். மீன் வாங்கப் போன எதிர் ரூம்பு விஜயா பாத்துட்டு வந்து சொன்னா.

எங்க ஊரு கோப்பிக் கடையில காலி பால் டின்னுல கயிறு கட்டித்தான் கோப்பி ஊத்தித் தருவாங்க. அப்ப டின்னுல வேற என்ன இருக்கும்? அவனுக்குக் கோப்பி கொண்டு போறான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

அதுக்கப்புறம் அவகிட்ட யாரும் பேச்சு வச்சுக்கல. குழாயடியில எனக்கு எடம் புடிச்சு வச்சுட்டு நிப்பா. நான் வேற பக்கம் போய் நிப்பேன்.

அவ ஆயர் குரோவுல ஒரு ரப்பர்த் தோட்டத்துலருந்து வந்தவ. ஒரே மழக்காலத்துக் காய்ச்சல்ல புருஷனும் போயி, மூணு வயசு மகளும் போயிருச்சு. அதச் சொல்லி அழுதா, வந்த புதுசுல. நான் அடுப்புல குழம்ப வச்சுட்டு வந்திருந்தேன், பாதியில எந்திரிச்சு ஓடிட்டேன்.

அன்னிக்குக் காலையிலதான் வீட்டுச் சொந்தக்காரர் முகைதீன் பாய்கிட்ட நானே போய்ச் சொன்னேன், குடும்பப் பொம்பளைங்க இருக்குற எடம்னு. பாய் ரொம்ப நேரம் தாடியத் தடவுனாரு. கண்ணால பாத்தியாம்மான்னு கேட்டாரு. பாத்தேன்னுட்டேன். சரி, இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டேன்னு வச்சுக்கன்னாரு.

பாக்காததப் பாத்தேன்னு சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பாத்துட்டா சரியாப் போயிரும்னு அவ பின்னாலயே நடந்தேன்.

புதுச் செருப்பெல்லாம் செம்மண்ணு அப்பிக்கிச்சு. முன்ன அலை அடிச்ச எடம். இப்ப ஒரு சத்தம் இல்ல, ஒரு மரம் இல்ல. அவ மட்டும் முன்னால போறா.

லாரிக்குப் பின்னால எட்டிப் பாத்தேன். ஜெயபாலன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு தள்ளி நின்னான். அவ முன்னால, சுத்திக் கல்லு வச்ச சின்ன மண்ணு மேடு. டின்னச் சாய்ச்சு அதுமேல ஊத்தினா.

கோப்பி இல்ல. பாலு.

நான் கிட்டப் போனேன்.

"அக்கா, அங்க மிதிக்காதீங்க." அவன் மெதுவாத்தான் சொன்னான். "குன்ன வெட்டுறாங்கன்னு கேட்டதும் இவங்க அங்கயே ஓடி வந்தாங்க. மகளப் பொதச்ச எடத்தக் காட்டுனாங்க. அந்த மண்ண மட்டும் தனியா அள்ளிக் கொண்டாந்து வச்சிருக்கேன். வேல வாங்குற மண்டோருக்குத் தெரியாது. ரோடு இந்தப் பக்கம் வர்ற வரைக்கும் இருக்கும்."

நான் செருப்பக் கழட்டித் தள்ளி வச்சேன்.

பூங்காவனம் திரும்பினா. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா.

"எம் மகளப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்க்கா."