ரப்பர் விரல்

"கோடு ஆடுது பேச்சிராஜ்," என்றார் மானேஜர் கோதண்டராமன், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேச்சிராஜ் திரையை எட்டிப் பார்த்தான். அந்த ஒரகடம் கம்பெனியில் இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்து அவன் செய்த ரோபோ விரல்கள். உள்ளே மோட்டார் கிடையாது, தனியாக சென்சாரும் கிடையாது. கரண்ட் கொடுத்தால் ரப்பரே வளையும். எதைத் தொட்டோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் ரப்பரே சொல்லும். அது சொல்வதுதான் திரையில் கோடாக ஓடும். அசையாத பொருளைப் பிடித்தால் கோடும் அசையக் கூடாது.

இன்று கடைசிப் பரீட்சை. தேறாவிட்டால் பிராஜெக்டை மூடிவிட்டு அவனைத் தகடு அடிக்கும் பிரஸ் லைனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விரல்கள் முட்டையை உடைக்காமல்தான் பிடித்திருந்தன. கோடுதான் நிற்பதும் துள்ளுவதுமாக இருந்தது. ஃபேனை நிறுத்தினான், ஒயரை மாற்றினான். ம்ஹூம்.

காலையிலிருந்தே எல்லாம் கோணல்தான். கடையில் முட்டை தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, குடியிருக்கும் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த கூடைக்குள் இருட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அதில் அப்பியிருந்த கரியைத் துடைக்கவே ஐந்து நிமிஷம் போனது.

"நேத்து வரைக்கும் கோடு அசையவே இல்ல சார். இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"போன மாசமும் இதைத்தானே சொன்ன? சும்மா இருக்கிற முட்டையை ஆடுதுன்னு சொல்ற விரலை எவன் வாங்குவான்?"

கோதண்டராமன் பிராஜெக்டை மூடும் காகிதத்தை இழுத்து, பேனாவைத் திறந்தார். அவருக்கும் மனசில்லைதான். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

அந்த நேரம் பார்த்து கேன்டீன் ராஜாமணி டீ கொண்டுவந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் பேச்சிராஜ் குடியிருப்பது அவள் வீட்டு மாடியில்தான். விரல்களுக்கு நடுவே இருந்த முட்டையைப் பார்த்ததும் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள்.

"கரிக்கோடு போட்ட முட்டை ஒண்ணு கொறையுதேன்னு காலையிலேர்ந்து தேடிக்கினு கீறேன். கோழி எரை பொறுக்கப் போன நேரத்துல நீதான் எடுத்தியா தம்பி? அது அடை முட்டைப்பா. நாளைக்குப் பொரிக்கணும், குஞ்சு உள்ள ஒதைச்சிக்கினு கீது."

கோதண்டராமன் முட்டையை வாங்கித் தன் உள்ளங்கையில் பொத்திப் பார்த்தார். அவர் விரல்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.